417ஆம் வீரருக்கு ஒன்றரை ஏக்கர்

சுகந்தினி தன் காணிக்குள் போவதானால் படலையில் நிற்கும் காவலாளியிடம் அடையாள அட்டையைக் கொடுத்து, வந்த காரணத்தைக் கொப்பியில் எழுதிவிட்டுத்தான் போகலாம். காரணம் என்ற இடத்தில் அவள் பதினொரு வருசமாக ஒன்றையே எழுதி வருகிறாள்: காணி சம்பந்தமாக.

தர்மபுரத்தில் பிரதான வீதியோரமாக ஒன்றரை ஏக்கர். குடியேற்றத் திட்டத்தில் அவளுடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிப் பெற்றது. அதற்கு அரசாங்கம் கொடுத்த பெமிற் இன்னமும் அவளிடம் இருக்கிறது. சண்டை முடிந்து, முகாமால் வந்து, அவளே தனியாகப் பற்றை வெட்டித் துப்புரவாக்கி வைத்திருந்தாள். அந்தத் துப்புரவுதான் வினையாகப் போயிற்று. சனத்தின் காணிகளைச் சனத்திடமே திருப்பிக் கொடுப்பதற்கென்று காணி மீளளிப்பு ஒருங்கிணைப்பு அதிகாரசபை என்று ஒன்றை அப்போது புதிதாக அமைத்துவிட்டு, அதன் உத்தியோகத்தர் இருந்து வேலை செய்யக் கந்தோர் போட இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதத்துக்குத் தாங்கோ அம்மா, தற்காலிகம்தான் என்று கேட்டார்கள். காணி கொடுக்க வருகிறவர்களுக்குக் காணி இல்லையென்று சொல்ல சுகந்தினிக்கு வாய் வரவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

ஆறு மாதம் கழித்துக் கேட்கப் போனபோதுதான் விசயம் விளங்கியது. அந்தப் பகுதியில் எந்தக் காணியையும் திருப்பிக் கொடுக்கும் அதிகாரம் அதிகாரசபைக்கு மட்டும்தான். ஆகவே அதிகாரசபையிடமிருந்து காணியைப் பெறுவதற்கு அவள் அதிகாரசபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்தாள். விண்ணப்பத்துக்கு ஒரு கோவை திறந்து, அதன் இலக்கம் 417 என்று ஒரு துண்டு கொடுத்தார்கள். அன்றைக்குத் தொடக்கம் அவளுக்குப் பெயர் தேவைப்படவில்லை. “நான் சுகந்தினி” என்று சொன்னால் “எந்தச் சுகந்தினி? நம்பரைச் சொல்லுங்கோ” என்பார்கள். “நானூற்றுப் பதினேழு” என்றால், “ஆ, நீங்களோ” என்று முகம் மலரும். காலப்போக்கில் அவளும் அப்படியே பழகிவிட்டாள். ஒருமுறை ஆசுபத்திரியில் மருந்துத் துண்டுக்குப் பெயர் கேட்டபோதும் நானூற்றுப் பதினேழு என்றுதான் அவளுக்கு வாயில் வந்தது.

கந்தோரில் சனம் குந்தியிருப்பதற்கு ஒரு மர வாங்கு கிடையாது. காலையில் வருகிறவர்கள் விறாந்தையில் நிற்பார்கள், பின்னேரம் வரைக்கும் நிற்பார்கள். சுகந்தினி நிற்கும் இடத்திலிருந்து அவளுடைய கிணறு தெரியும். பியோன் அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளிப் பணிப்பாளரின் வாகனத்தைக் கழுவுவான். அவள் கூலிக்குக் கச்சான் கடலை பிடுங்கிய கையோடு வந்து அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

போன மார்கழியில் அவசரம் ஒன்று வந்து சேர்ந்தது. சுகந்தினி அண்ணன் வீட்டு வளவில், பின்பக்கம் ஒரு தகரக் கொட்டிலில் இருக்கிறாள். அண்ணன் சண்டையின் கடைசி மாதத்தில் செத்துப்போனான். அண்ணி விமலேஸ்வரிதான் மகன் நிருஷனை வளர்த்து ஆளாக்கினாள். அவனுக்கு வைகாசியில் கலியாணம். வருகிற பெண்ணுக்கு ஓர் அறை வேண்டும், அறை போடக் கொட்டில் நிற்கும் இடத்தை விட்டால் வேறு இடமில்லை.

“உன்னைப் போ எண்டு நான் சொல்லேல்லை,” என்றாள் விமலேஸ்வரி. அவள் கெட்டவள் இல்லை, சொல்லும்போது அவளுக்கும் கண் கலங்கியது. “வைகாசிக்குள்ளை ஒரு வழியைப் பார் எண்டுதான் சொல்லுறன். உன்ரை காணி உன்ரை காணிதானே? எத்தினை நாளைக்குத்தான் அவங்கள் வைச்சிருப்பாங்கள்?”

அந்தக் கேள்வியைச் சுகந்தினி கொண்டுபோய் பணிப்பாளர் ஜனகனிடம் கேட்டாள். ஜனகன் நல்ல உயரம், வெயிலிலும் கழுத்துப் பட்டி கழற்றாதவர். தன்மையாகத்தான் பதில் சொன்னார். “அம்மா, உங்கடை காணியை உங்களுக்குத் தந்தால், மற்றச் சனத்தின்ரை காணியை அவைக்குத் தாறதுக்கு எங்களுக்கு ஒரு இடம் வேணுமெல்லோ? கொஞ்சம் பரந்த மனதோடை யோசியுங்கோ. எண்டாலும் உங்கடை கோவை ஆறாம் படியிலை நிக்குது. இன்னும் ஒரு படிதான்.”

கோவை ஆறாம் படியில் நாலு வருசமாக நின்றது. ஏழாம் படி என்னவென்று அதுவரை ஒருவருக்கும் தெரியாது. தைப்பொங்கல் முடிந்து அதை அறிவித்தார்கள்.

காணியின் ஒரு மூலையில் கொன்டெய்னர் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கி, குளிரூட்டி பூட்டி, ஆறு கொம்பியூட்டரும் ஆறு மெத்தைக் கதிரையும் வைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து நாடா வெட்டினார்கள். விண்ணப்பதாரர் எல்லாரையும் வெயிலில் நிற்கவைத்து ஜனகன் பேசினார்.

“காணி என்பது வெறும் மண் அல்ல, அன்பர்களே. மண்ணை யாரும் கொடுத்துவிடலாம். அது பெரிய காரியமல்ல. அதனால்தான் நாங்கள் அதைச் செய்வதில்லை. காணி கிடைக்கும்போது மனிதனுக்கு உண்டாகும் அந்த உணர்வு இருக்கிறதே, அதை இதுவரை எந்த நிறுவனமும் மக்களுக்குக் கொடுத்ததில்லை. இன்று நாங்கள் கொடுக்கிறோம். ‘ஒன்பது கோபுர நாடு’ என்ற இந்த மாயாஜாலக் கணினி விளையாட்டை நீங்கள் ஒவ்வொருவரும் நாற்பது மணித்தியாலம் விளையாட வேண்டும். விளையாடிவிட்டு, அதன் பலங்களையும் குறைபாடுகளையும் படிவத்தில் எழுதித் தர வேண்டும். அதன் பின்னரே உங்கள் கோவை ஏழாம் படிக்குச் செல்லும்.”

வெளிநாட்டு ஆட்கள் கைதட்டினார்கள். சனமும் தட்டியது. ஏழாம் படி என்ற சொல்லுக்குத்தான் சுகந்தினி தட்டினாள்.

மறுநாள் காலை அவளை ஒரு மெத்தைக் கதிரையில் இருத்தினார்கள். பதினொரு வருசத்தில் தன்னுடைய காணியில் அவள் குந்தியது அதுதான் முதல் தரம். கொன்டெய்னருக்கு ஒரு யன்னல் இருந்தது. யன்னலால் பார்த்தால் கிணறு. கிணற்றுக்கும் தனக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கண்ணால் அளந்து பார்த்தாள். அவள் இருந்த கதிரை, சண்டைக்கு முந்திய பழைய வீட்டின் குசினி நின்ற இடத்தில், சரியாக அடுப்படியில் இருந்தது.

விளையாட்டைச் சொல்லிக் கொடுக்க எழுதுவினைஞர் ஷமீலா வந்தாள். முல்லைத்தீவுப் பிள்ளை, தன் வேலையை வெறுக்காமலும் நம்பாமலும் செய்கிறவள். முதலில் வீரரைத் தெரிவுசெய்ய வேண்டுமாம். திரையில் நாலு பேர் நின்றார்கள். வாளோடு ஓர் இளவரசன், பாதி உடுப்போடு வில்லுக்காரி ஒருத்தி, சிறகு முளைத்த ராசகுமாரி, கோடரியோடு ஒரு தாடிக் குள்ளன். சுகந்தினி குள்ளனைத் தெரிவுசெய்தாள். அவன்தான் முழுசாக உடுத்தியிருந்தான், தனிய ரோட்டால் போனாலும் ஆரும் சேட்டை விடமாட்டார்கள்.

அடுத்த கதிரையில் அன்ஸார் இருந்தார். முல்லைத்தீவில் கடை வைத்திருந்த மனுசன், கடைக் காணிக்காக இரண்டு பஸ் மாறி வருகிறவர், வயது அறுபது தாண்டும். அவர் சிறகு முளைத்த ராசகுமாரியைத் தெரிவுசெய்திருந்தார்.

“என்ன அன்ஸார் நானா, உந்தச் சிறகுக்காரியையோ எடுத்தனீங்கள்?”

“பறக்கலாம்தானே தங்கச்சி. கியூவிலை நிக்கத் தேவையில்லை.”

பிறகு ‘வீரரின் பெயர்’ என்று ஒரு பெட்டி வந்தது. ஷமீலா வேறு ஆளைக் கவனிக்கப் போயிருந்தாள். சுகந்தினி கொஞ்சமும் யோசிக்கவில்லை, ஒரு விரலால் 4, 1, 7 என்று அமத்தினாள். அன்ஸாரும் தன்னுடைய இலக்கத்தைத்தான் அடித்திருந்தார். சொல்லி வைத்தமாதிரி ஆறு திரைகளிலும் ஆறு இலக்கங்கள் எழும்பி நின்றன. பெயர் என்று ஒரு கந்தோர் கேட்டால் வேறு எதைக் கொடுப்பது?

கதை இதுதான். சூனியக்காரன் ஒருவன் ஒரு நாட்டையே பனிமூட்டத்தால் மூடிவிடுகிறான். ஓடிப்போன வீரன் பல வருசத்துக்குப் பிறகு திரும்பி வந்து பார்த்தால் ஊரில் ஒன்றுமில்லை. அவன் ஒன்பது கோபுரங்களுக்கும் போய், ஒவ்வொன்றிலும் ஒரு சீல் வாங்கி, கடைசியில் அரசரிடம் காட்டினால் அவனுடைய நிலம் அவனுக்குக் கிடைக்கும். இதில் மாயாஜாலம் எங்கே இருக்கிறது என்று சுகந்தினிக்குப் பிடிபடவில்லை. அவளுடைய விண்ணப்பக் கடுதாசியில் ஏற்கெனவே பதினாலு சீல் இருந்தது.

மாயாஜாலம் ஆற்றங்கரையில் தொடங்கியது. மூன்று தாமரைப்பூ கொண்டுவந்தால் அக்கரை விடுகிறேன் என்றான் ஓடக்காரன். குள்ளனைக் கூட்டிக்கொண்டு போய் மூன்று தாமரை பிடுங்கி வந்து கொடுத்தாள். போட்டோக் கொப்பி கேட்பான், பெரியவர் சாப்பிடப் போயிட்டார் என்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடக்காரன் ஒன்றும் கேளாமல் ஓடத்தில் ஏற்றி அக்கரையில் விட்டுவிட்டான். சுகந்தினி பயந்துபோய் எழும்பி ஷமீலாவிடம் ஓடினாள்.

“தங்கச்சி, நான் ஏதோ பிழையா அமத்திப்போட்டன் போல. உடனை விட்டிட்டான்.”

“அது அப்பிடித்தான் அக்கா. சொன்னதைச் செய்தால் விடுவினம்.”

“ஒருக்கா வந்தாலே?”

“ஓம், ஒருக்கா வந்தாலே.”

அன்று தொடக்கம் அவளுக்கு விளையாட்டுப் பிடித்துப்போய்விட்டது. குறை இல்லாமலில்லை. ஆடுகள் மதிலுக்குள்ளால் புகுந்து மறுபக்கம் போயின. மழை பெய்தது, ஆனால் நிலம் நனையவில்லை. நெல் விதைத்து மூன்று நிமிசத்தில் கதிர் சரிந்தது, அதைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு குதிரை இரண்டு நாளாக மரத்துக்குள் சிக்கி நின்று நடந்துகொண்டேயிருந்தது. கோட்டைக் காவலன் எத்தனை தரம் கேட்டாலும் ஒரே வசனத்தையே சொன்னான், அது மட்டும் அவளுக்குப் பழக்கமான விசயமாயிருந்தது.

ஐந்தாம் கோபுரத்தில் ஒன்பது தலை நாகம் குள்ளனை அடித்துக் கொன்றது. சுகந்தினி மவுசை விட்டுக் கையை எடுத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் குள்ளன் ஒரு கோயில் வாசலில் எழும்பி, தாடியிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு நின்றான். கோடரியும் இருந்தது, வாங்கிய நாலு சீலும் இருந்தன. அவளுக்கு அண்ணனின் நினைவு வந்தது. கடைசிச் சண்டையில், மாத்தளனில், அவனைத் துணியால் மூடிவிட்டு, அந்தத் துணி அசைகிறதா அசைகிறதா என்று ஒரு பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். அன்றைக்கு அதற்கு மேல் அவள் விளையாடவில்லை.

மாசி பதினெட்டாம் திகதி காலை குள்ளன் அரசரிடம் போய்ச் சேர்ந்தான். அரசர் இருந்தார். அதுதான் முதல் அதிசயம், அவர் தன்னுடைய கதிரையில் இருந்தார். ஒன்பது சீலையும் வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். எழும்பி நின்றார். “நெடுநாள் காத்திருந்தாய், வீரனே. உன் நிலம் உனக்கே” என்றார். செப்புத் தகடு ஒன்றைக் கையில் கொடுத்தார். பனிமூட்டம் விலகியது. ஒரு துண்டு நிலம், நடுவிலே ஒரு கிணறு.

ஆறு பேர் இருந்த அந்தக் கொன்டெய்னருக்குள் சுகந்தினி குலுங்கிக் குலுங்கி அழுதாள். அது பொய் நிலம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அழுதாள். “உனக்கே” என்று ஆரும் அவளிடம் ஒருக்காலும் சொன்னதில்லை. அன்ஸார் தன்னுடைய ராசகுமாரியை வானத்தில் அப்படியே நிறுத்திவிட்டு, தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினார்.

பிறகு படிவம் வந்தது. பலங்கள் என்று ஒரு பக்கம், குறைபாடுகள் என்று ஒரு பக்கம். பலங்களை அவள் மனமாரவே எழுதினாள்.

‘அரசர் எப்போது போனாலும் கதிரையில் இருக்கிறார். ஓடக்காரன் சொன்ன சொல்லை மாற்றவில்லை. ஒரு சீலைக் காட்டினால் அதே சீலைத் திரும்பக் கேட்பதில்லை. கொடுத்த கடுதாசியை ஒருவரும் துலைக்கவில்லை. செத்தவர் எழும்புகிறார். காணி கிடைக்கிறது.’

குறைபாட்டுப் பக்கத்தில் கை நின்றுவிட்டது. ஆட்டையும் குதிரையையும் எழுதினால் ஆருக்காவது கோபம் வந்து, கோவையை எங்கேயாவது வைத்துவிட்டால்? அன்ஸாரிடம் கேட்டாள்.

“ஒண்டும் எழுதாட்டியும் பிழை பிடிப்பாங்கள், கனக்க எழுதினாலும் பிழை பிடிப்பாங்கள்,” என்றார் அவர். “ஒருத்தருக்கும் நோகாதமாதிரி ஒண்டே ஒண்டை எழுதுங்கோ.”

சுகந்தினி யோசித்து யோசித்து எழுதினாள்: ‘அரண்மனையில் சனம் நின்றபடியே நிற்கிறது. இருப்பதற்கு ஒரு வாங்கு போட்டால் நல்லது.’

பங்குனியில் மீளாய்வுக் கூட்டம் வைத்தார்கள். விண்ணப்பதாரரும் வரவேண்டும் என்றபடியால் சுகந்தினி கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றாள். ஜனகனின் கையில் படிவங்கள் இருந்தன. முகம் கறுத்திருந்தது.

“இந்த விளையாட்டில் இவ்வளவு பாரதூரமான குறைகள் இருக்குமென்று நான் நினைக்கவில்லை,” என்று தொடங்கினார். “அரசர் எந்நேரமும் கதிரையில் இருக்கிறாராம்! அவருக்குக் கூட்டம் இல்லையா? கொழும்பில் பயிற்சிப் பட்டறை இல்லையா? கதிரையை விட்டு அசையாத ஓர் அதிகாரியால் நாட்டுக்கு என்ன பிரயோசனம்? அடுத்தது, ஓடக்காரன். முதற்தரம் கேட்டவுடனேயே அக்கரை விடுகிறான். இதைப் பார்க்கிற சனம் நாளைக்கு எங்களிடம் வந்து என்ன கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். எதிர்பார்ப்பை வளர்ப்பது எவ்வளவு கொடிய காரியம்! இந்த மக்கள் ஏற்கெனவே எவ்வளவோ பட்டுவிட்டார்கள்.”

பட்டவர்கள் பின்னால் நின்று தலையாட்டினார்கள்.

“செத்தவர் எழும்புவது இருக்கட்டும், அது மாயாஜாலம், விடலாம்,” என்றார் ஜனகன். “ஆனால் கொடுத்த கடுதாசி துலையவில்லை என்பதைப் படிக்கிற பிள்ளைகூட நம்பாது. யதார்த்தம் போதாது, அன்பர்களே. இரண்டாம் பதிப்பில் எல்லாவற்றையும் திருத்துகிறோம். விண்ணப்பதாரர் தரப்பில் ஒரேயொரு குறைதான் சொல்லப்பட்டிருக்கிறது. அரண்மனையில் ஒரு வாங்கு வேண்டுமாம். நியாயமான கோரிக்கை. மக்களின் குரலுக்கு நாங்கள் எப்போதும் செவிசாய்ப்பவர்கள்.”

இதைக் கேட்டதும் விறாந்தைக்கும் ஒரு வாங்கு வரலாம் என்று சுகந்தினிக்கு ஓர் ஆசை வந்தது. வரவில்லை.

இரண்டாம் பதிப்பு சித்திரைப் புத்தாண்டு கழிய வந்தது. ஓடக்காரனுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில் முளைத்திருந்தது. மூன்று தாமரைக்கும் மூன்று படிவம், படிவத்தைத் தருகிறவன் அக்கரையில் இருந்தான். ஒன்பது தலை நாகத்தை வெட்டுவதற்கு ஒரு தலைக்கு ஓர் அனுமதிக் கடிதம், கடிதம் வருவதற்கு முன் நாகம் கடித்தால் அதற்குக் கோபுரம் பொறுப்பல்ல. சூனியக்காரனை ஆலோசகராக நியமித்திருந்தார்கள். மரத்துக்குள் சிக்கிய குதிரை மட்டும் முன்போலவே நடந்துகொண்டிருந்தது.

அந்தக் கிழமைதான் சுகந்தினிக்குக் கடிதம் வந்தது. ‘கோவை இலக்கம் 417. உங்கள் காணி மீளளிக்கப்பட்டமையையிட்டு மகிழ்ச்சியடைகிறோம். காணி உறுதிப் பத்திரம் வழங்கும் வைபவத்துக்கு அழைக்கிறோம்.’ அவள் அதை மூன்று தரம் வாசித்தாள், பிறகு விமலேஸ்வரியைக் கொண்டு வாசிப்பித்தாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். கலியாணத்துக்கு வாங்கி வைத்திருந்த புதுச் சேலையை அண்ணி எடுத்துக் கொடுத்து, உடுத்திக்கொண்டு போ என்றாள்.

வைபவம் அவளுடைய காணியில், அவளுடைய கிணற்றடியில், பந்தல் போட்டு நடந்தது. அன்று பந்தலுக்குள் வாடகைக் கதிரைகள் போட்டிருந்தார்கள், அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும். பேப்பர்காரர்கள் வந்திருந்தார்கள். ஜனகன் நெஞ்சு நிமிர்த்திப் பேசினார்.

“பதினொரு வருடத்தில் இந்த அதிகாரசபை திருப்பிக் கொடுத்த காணிகள் ஒன்பது. இந்த மூன்று மாதத்தில் மட்டும் எழுபத்திரண்டு! அதுவும் எப்படி? ஒரு வேலிக்கட்டை அசையவில்லை. ஒரு கட்டடம் இடிபடவில்லை. ஓர் உத்தியோகத்தர் கதிரையை விட்டு எழும்பவில்லை. உலகத்தில் எங்காவது நடந்திருக்கிறதா?”

சுகந்தினியைக் கூப்பிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்ட செப்புத் தகடு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள். தகட்டை எங்கேயோ கண்டமாதிரி இருந்தது அவளுக்கு. வைபவம் முடிந்ததும் ஷமீலாவைத் தேடிப் பிடித்தாள்.

“தங்கச்சி, கந்தோரை எப்ப எடுக்கிறியள்? வைகாசிக்கு முதல் ஒரு கொட்டிலெண்டாலும் போடவேணும்.”

ஷமீலா அவளை உள்ளே கூட்டிப்போய்த் திரையைக் காட்டினாள். கோவை 417. காணி கையளிக்கப்பட்ட திகதி மாசி 18. கையளித்தவர் அரசர். பெற்றுக்கொண்டவர் 417. கோவை மூடப்பட்டது.

“அக்கா, பெயர் கேட்ட இடத்திலை நீங்கள் நம்பரை அடிச்சிட்டியள். வேறை ஏதும் பெயரெண்டால் விளையாட்டெண்டு போயிருக்கும். நம்பர் எண்டபடியாலை சிஸ்டம் கோவையோடை சேத்துப்போட்டுது.”

“எல்லாரும் அப்பிடித்தானே அடிச்சவை?”

“ஓம் அக்கா. எழுபத்திரண்டு பேரும்.” ஷமீலா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நான் பிழையெண்டு எழுதிக் குடுத்தனான். முன்னேற்றத்தைப் பிழையெண்டு எழுதக்கூடாது எண்டு திருப்பி அனுப்பிட்டினம்.”

சுகந்தினி பணிப்பாளரின் அறைக்குப் போனாள். அனுமதி கேட்காமல் போனது அதுதான் முதல் தரம். கையில் தகடு இருந்தபடியால் காவலாளி மறிக்கவில்லை.

“ஐயா, எனக்குக் காணி கிடைக்கேல்லை. அது விளையாட்டிலை.”

ஜனகன் கோபப்படவில்லை. ஒரு பிள்ளைக்கு விளங்கப்படுத்துவதுபோலச் சொன்னார். “அம்மா, மாசி பதினெட்டாம் திகதி காணி கிடைச்ச நேரம் நீங்கள் அழுதனீங்கள். கமராவிலை பதிவாகியிருக்கு. நானும் பார்த்தனான், எனக்கே கண் கலங்கிப்போச்சு. கிடைக்காத காணிக்கு ஆராவது அப்பிடி அழுவினமே?”

பதினொரு வருசமாகக் கிடைக்காத காணிக்கு அழுதவள் அவள். அதைச் சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் அவர் அடுத்த கோவையை விரித்துவிட்டார்.

“ஆட்சேபனை இருந்தால் முறையிடலாம். அதுக்கும் ஏற்பாடு செய்திருக்கிறம். இரண்டாம் பதிப்பிலை முறையீட்டு மண்டபம் எண்டு ஒண்டு இருக்கு. உங்கடை வீரரைக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

பேப்பரில் படம் மறுநாள் வந்தது. புதுச் சேலை, செப்புத் தகடு, பக்கத்தில் ஜனகன். சுகந்தினி கச்சான் தோட்டத்திலிருந்து திரும்பியபோது கொட்டில் நின்ற இடத்தில் மேசன் நூல் பிடித்துக்கொண்டிருந்தான். அவளுடைய சாமான்களை விமலேஸ்வரி பார்த்துப் பார்த்து அடுக்கியிருந்தாள். றங்குப் பெட்டி ஒன்று, பாய், இரண்டு சட்டி. புதுக்குடி போகிறவளுக்கென்று ஒரு புதுப் பானையும் வாங்கி வைத்திருந்தாள்.

“அண்ணி, காணி கிடைக்கேல்லை.”

“விசர்க்கதை கதையாதை. பேப்பரிலை போட்டிருக்கெல்லோ,” என்றாள் விமலேஸ்வரி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு சுகந்தினியின் முகத்தைப் பார்த்தாள், மேசனைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் அத்திவாரத்துக்குக் கிடங்கு வெட்டியாகிவிட்டது. நிருஷன் ஓட்டோவில் பெட்டியை ஏற்றினான்.

ஓட்டோக்காரன் எங்கே போக என்று கேட்டான். அவளுக்கு ஒரே ஒரு விலாசம்தான் தெரியும்.

காவலாளி பெட்டியை உள்ளே விடவில்லை, வெளிப்பொருட்களுக்கு அனுமதியில்லை. ஆளை விட்டான். சுகந்தினி வேலியோரம் பெட்டியை வைத்து, அதற்கு மேல் பானையைக் கவிழ்த்துவிட்டு, கொப்பியில் வந்த காரணம் எழுதினாள். காணி சம்பந்தமாக. கொன்டெய்னருக்குள் போய்த் தன்னுடைய அடுப்படியில் இருந்தாள். பக்கத்துக் கதிரையில் அன்ஸார் ஏற்கெனவே இருந்தார். அவருடைய கடைக் காணியையும் அரசர் கொடுத்துவிட்டிருந்தார்.

குள்ளன் நடந்தான். ‘முறையீட்டு மண்டபம்’ என்று அம்புக்குறி போட்ட பலகைகள் நின்றன. ஆற்றைக் கடக்க அரைநாள் போயிற்று. பனிமூட்டத்தைத் தாண்டி, ஒரு வளைவு திரும்பியதும் மண்டபம் தெரிந்தது. பெரிய கட்டடம், சுற்றிவர மதில், வாசலில் காவலன். மதிலுக்கு மேலால் ஒரு கிணற்றின் துலா தெரிந்தது. சுகந்தினி அதைப் பார்த்தபடியே இருந்தாள். அது குள்ளனின் கிணறு. மண்டபம் கட்ட அவர்களுக்கும் ஓர் இடம் வேண்டியிருந்திருக்கும். வாசல் பலகையில் ‘தற்காலிகம்’ என்று எழுதியிருந்தது.

“அரசர் இல்லை. புதன்கிழமை வாருங்கள்,” என்றான் காவலன்.

திரும்பக் கேட்டாள். அதே வசனத்தைச் சொன்னான். சுவரோரம் ஒரு வாங்கு இருந்தது. நீளமான, பாலை மரத்தில் செய்து மினுக்கிய நல்ல வாங்கு. அதன் முதுகில் ஒரு தகடு அடித்து, ‘417ஆம் வீரரின் ஆலோசனையின் பேரில் அமைக்கப்பட்டது’ என்று பொறித்திருந்தார்கள். சுகந்தினி குள்ளனைக் கொண்டுபோய் அதில் இருத்தினாள். யன்னலுக்கு வெளியே பியோன் கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் ராசகுமாரி வந்து சேர்ந்தாள். முதுகில் சிறகுகள் இல்லை, அவற்றை வாசலில் ஒப்படைத்துவிட்டுத் துண்டு வாங்கவேண்டுமாம். அவளுக்குப் பின்னால் இளவரசர்களும் வில்லுக்காரிகளும் குள்ளர்களும் தலைக்கு மேல் ஆளுக்கொரு இலக்கத்தோடு வந்துகொண்டிருந்தார்கள்.

“தங்கச்சி,” என்றார் அன்ஸார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “கொஞ்சம் அங்காலை தள்ளி இருங்கோ. ஆக்கள் வருகினம்.”

சுகந்தினி மவுசைப் பிடித்துக் குள்ளனை வாங்கின் ஓரத்துக்கு நகர்த்தினாள்.